ஒரே கட்டை, ஆறு பொழுது

ஒரு பாய்மரப் படகு. விடிகாலையில் ஒரு படம். முற்பகலில் ஒன்று. பிற்பகல், மூடுபனி, அந்தி, ராத்திரி என்று மொத்தம் 6 படங்கள். யோஷிதா ஹிரோஷி என்கிற ஜப்பானியர் 1926ல் அச்சிட்டவை. கட்டைகள் அதேதான். வண்ணத்தை மாற்றியே பொழுதை மாற்றிவிட்டார் மனிதர்.

இவர் இறந்து 70 வருடமானதை ஒட்டி, 2021ல் டோக்கியோ மாநகரக் கலை அருங்காட்சியகம் இவரது வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிப் பெரிய கண்காட்சி வைத்தது. அத்தனை மரியாதை வாங்கியவர் மரஅச்சில் முழுசாக இறங்கியது எந்த வயதில் தெரியுமா? 49.

காரணம், ஒரு பூகம்பம்.

ஜப்பானில் மரஅச்சுப் படம் என்பது ஒரு ஆள் வேலை கிடையாது. ஓவியர் வரைவார். இன்னொருவர் செர்ரி மரப் பலகையில் செதுக்குவார். வண்ணம் பூசி, தாளை வைத்துத் தேய்த்து எடுக்க வேறொருவர். மூவருக்கும் மேலே காசு போடுகிற பதிப்பாளர். எது விலைபோகும் என்று சொல்கிறவரும் அவர்தான்.

1876ல் பிறந்த யோஷிதா, அடிப்படையில் வாட்டர்கலரும் எண்ணெய் வண்ணமும் தீட்டியவர். 1920ல் வாட்டனாபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளருக்காக மரஅச்சுக்கு வரைய ஆரம்பித்தார். 1923 செப்டம்பர் 1, டோக்கியோவை நிலநடுக்கம் புரட்டிப்போட்டது. பின்னாலேயே தீ. வாட்டனாபேயின் கடையோடு யோஷிதாவின் கட்டைகளும் சாம்பல்.

நொடிந்துபோன சக ஓவியர்களுக்கு உதவ, படங்களை விற்க அமெரிக்கா போனார். அங்கே பார்த்தால், ஜனங்கள் மரஅச்சுப் படங்களைத்தான் ஆசையாகக் கேட்கிறார்கள். 1925ல் ஊர் திரும்பினார். பதிப்பாளரே வேண்டாம் என்று சொந்தப் பட்டறை போட்டார். ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்தார். அவர்களை வேலை வாங்கவேண்டுமென்றால் தனக்கும் தொழில் தெரிய வேண்டுமே? செதுக்கவும் அச்சிடவும் கற்றுக்கொண்டார். நிக்கோ ஊரின் யோமெய் வாசல் படத்துக்கு (1937) ஒரே தாளில் 96 முறை வண்ணம் ஏற்றினார்கள். இம்மி நகர்ந்தாலும் தாள் காலி.

1930 கடைசியில் மகன் தோஷியோடு இந்தியாவுக்கும் வந்தார். அந்தப் பயணத்தில் பிறந்த படங்களில் நம் மதுரைக் கோயிலும் உண்டு. தாஜ்மகால் தோட்டத்தைப் பகலாகவும் இரவாகவும் ஆக்கிக் காட்டினார். அதே படகு வித்தைதான்.

அவர் கண்காணிப்பில் அச்சான படங்களின் ஓரத்தில் 'ஜிசூரி' என்று ஒரு முத்திரை இருக்கும். 'தானே அச்சிட்டது' என்று அர்த்தம். வார்த்தைக்கு வார்த்தை உண்மையா என்றால், இல்லை. தேய்த்த கை பெரும்பாலும் பட்டறை ஆளுடையது. அவர் பெயர் அந்த முத்திரையில் கிடையாது. நியாயமில்லைதான்.

ஆனால் சந்தைக் கணக்கையும் பாருங்கள். 1950ல் யோஷிதா இறந்த பிறகும் அதே கட்டைகளில் படங்கள் அச்சாயின. முத்திரை இல்லாத அவற்றுக்கு விலை குறைவு. கட்டை இருந்தது, தொழில் தெரிந்த கை இருந்தது. பக்கத்தில் நின்றுகொண்டு, நீலம் பத்தவில்லை, திரும்பப் போடு என்று சொல்ல அந்த மனிதர் இல்லை. கூடுதல் காசு அவருடைய கண்ணுக்கு.

எங்காவது யோஷிதாவின் படம் கண்ணில் பட்டால், இடது ஓரத்தில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதற்குள் இடம் கிடைக்காத அந்த அச்சுக்காரரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.