12 லட்சத்துக்கு ஒரு மாருதி: பழைய காரின் விலையைத் தீர்மானிப்பது யார்?

நாங்க போய்ச் சேரக்குள்ள காரின் பொனட் சூடா இருந்தது.

சம்மாந்துறையில ஒரு வளவுக்குள்ள, மாமரத்துக்குக் கீழ, வெள்ளை நிற மாருதி 800. "இண்டைக்கு இன்னும் ஸ்டார்ட் பண்ணவே இல்ல தம்பி" என்றார் சொந்தக்காரர். எங்களோட வந்த பாஸ் பொனட்டில உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒண்டும் சொல்லல்ல. சாவியைப் போட்டதும் எஞ்சின் ஒரே தடவையில பிடித்தது. அக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அமத்தினதும் பின்னால நீலப் புகை. "சின்ன வேல ஒண்டு இரிக்கி, அவ்வளவுதான்" என்றார் சொந்தக்காரர். கேட்ட விலை 12 லட்சம்.

2024 கடைசியில நடந்தது இது. எங்கட குழுவில ஒருவரின் வாப்பாவை மாதம் ஒருக்கா மட்டக்களப்புக்கு கிளினிக் கொண்டு போகணும். போகவர 80 கிலோமீற்றருக்கு மேல. பஸ்ஸில அவரால இருக்க ஏலாது. ஒவ்வொரு தடவையும் வேன் ஹயர் பிடிக்கிறதுக்குப் பதிலா ஒரு பழைய காரை எடுத்தா என்ன என்று யோசித்தோம். கையில இருந்தது உம்மாவின் சீட்டுக் காசும், கட்டாரில இருக்கிற காக்கா அனுப்பிச் சேர்ந்த காசும்தான். அது பிழைச்சுப் போனா திரும்பச் சேர்க்க இன்னும் நாலு வருசம் வேணும்.

திரும்பி வரக்குள்ள எங்களுக்கு வந்த கேள்வி எஞ்சினைப் பற்றியதில்ல. எங்கட வயசுக்குக் கிட்ட ஓடின, புகை தள்ளுற ஒரு காருக்கு 12 லட்சம் எப்படி விலையானது? அதைத் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

கதவு மூடின காலம்

மொறிஸ் மைனர் கார் 1948ல இங்கிலாந்தில அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். இலங்கை சுதந்திரம் பெற்றதும் அதே வருசம்தான். 1950களில தேயிலை, இறப்பர் விற்ற காசில மொறிஸும் ஒஸ்ரினும் கப்பலில வந்திறங்கின. 1960களில தேயிலைக்குக் கிடைத்த விலை சரிந்தது. வெளிநாட்டுக் காசு கையிருப்பு வத்தியது. அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. 1968ல டட்லி சேனநாயக்க அரசாங்கம் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. அதாவது, அத்தியாவசியம் என்று கணக்கில எடுக்காத பொருள்களை வெளியே வாங்க டொலருக்குக் கூடுதல் விலை கட்டணும். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில கட்டுப்பாடு இன்னும் இறுகியது. நடுவில, 1973ல, உலக எண்ணெய் விலையும் ஏறியது.

அரிசிக்கும் மாவுக்குமே டொலர் போதாத நாட்டில காருக்கு எங்கால? அதனால ஓடிக்கொண்டிருந்த காரை நிப்பாட்டாம வைத்திருக்க வேண்டிய நிலை வந்தது. பிஸ்டன் தேய்ந்தா சிலிண்டரைக் கடைந்து அடுத்த அளவு பிஸ்டன். அதுவும் கிடைக்காட்டி வேறொரு காரின் பிஸ்டனைப் பொருத்தப் பார்க்கிறது. பாடி உக்கினா தகரம் வெட்டி ஒட்டுறது. இந்த வேலை செய்தவங்களைத்தான் நாங்க 'பாஸ்' என்கிறோம். அந்தச் சொல் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. அவங்கட மொழியில அதுக்கு முதலாளி, தலைவர் என்று பொருள். எங்கட ஊரில மேசனுக்கும் தச்சனுக்கும் கராஜ்காரருக்கும் அந்தப் பட்டம் வந்து சேர்ந்தது.

இது இலங்கைக்கு மட்டும் நடந்ததில்ல. 1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவில புதுக் கார் வருவது நின்றுபோக, பழைய அமெரிக்கக் கார்கள்தான் ஹவானாவில ஓடின. புரட்சிக்கு முந்திய கார்களை மட்டுமே சுதந்திரமா வாங்கி விற்கலாம் என்ற சட்டம் அங்க 2011 வரை இருந்தது. சுற்றுலாப் பயணிகள் அந்தக் கார்களோட நின்று படமெடுப்பாங்க. ஓட்டுறவருக்கு அது வேற வழியில்லாத வாழ்க்கை.

1977ல ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சிக்கு வந்து திறந்த பொருளாதாரம் என்றார். கதவு திறந்தது. பிறகு வந்த வருசங்களில ஜப்பானிலிருந்து 'ரீகண்டிஷன்' கார்கள் நிறையவே வந்தன. காரணம் லேசானது. ஜப்பானிலயும் எங்களைப் போல வீதியின் இடப்பக்கம்தான் ஓட்டுவாங்க. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும். புதுக் காருக்கு மூணு வருசத்திலயும் அதுக்குப் பிறகு ரெண்டு வருசத்துக்கு ஒருக்காவும் அங்க கட்டாயப் பரிசோதனை. செலவு கூட. அதனால நல்லா ஓடுற காரையே வித்துப்போட்டுப் புதுசு எடுக்கிறவங்க நிறைய. அவங்க கழித்தது எங்களுக்குப் புதுசு. இந்தியாவில 1983ல வெளிவந்த மாருதி 800ம் இங்க வந்து, ஆசிரியர்மாரும் கிளார்க்மாரும் எடுக்கக்கூடிய காரானது. 796 சிசி, மூணு சிலிண்டர். எந்தக் கராஜிலயும் கழட்டிப் பூட்டலாம்.

நாட்டுக்குள்ள இன்னொரு கதவு

ஆனா திறந்த பொருளாதாரம் எல்லாருக்கும் திறக்கல்ல. 1990ல மறுபடி போர் தொடங்கின பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருள்களில ஒண்டு. அங்க பழைய ஒஸ்ரினையும் மொறிஸையும் மண்ணெண்ணெயில ஓட்டினாங்க. குளிர்ந்த எஞ்சினுக்குள்ள மண்ணெண்ணெய் லேசில ஆவியாகாது. அதனால கார்பரேற்றருக்குள்ள சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது.

ஓடினது உண்மை. அதுக்கு எஞ்சின் கொடுத்த விலையும் உண்மை. மண்ணெண்ணெய் முழுசா எரியாம கரி படியும். எரியாதது பிஸ்டன் ஓரமா கீழ இறங்கி எஞ்சின் ஒயிலோட கலந்து ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயில் தண்ணியானா ரிங் தேயும், பெயாரிங் தேயும். தடையைப் போட்டது ஒருத்தர், தேய்ந்தது இன்னொருத்தரின் எஞ்சின். இந்தக் கணக்கு 2020ல எங்கட வீட்டுக்கும் வந்தது.

மறுபடி மூடின கதவு

2020 மார்ச்சில கொரோனாவோட சேர்த்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. காரணம் பழையதுதான்: டொலர் இல்ல. 2022ல ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில கிழமைகளுக்குள்ள 350ஐத் தாண்டியது. ஏப்ரலில வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அரசாங்கம் அறிவித்தது. ஜூலையில எரிபொருளுக்கு கியூஆர் கோட் வந்தது: முதலில காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. பெற்றோல் ஷெட்டில விடிய விடியக் கிடந்ததை இதை வாசிக்கிற யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்ல.

புதுக் கார் வரல்ல, ரூபாவும் விழுந்தது. அதனால பழைய காரின் விலை ஏறியது. தேயத் தேயப் பெறுமதி கூடுற விசித்திரமான பொருளாயிட்டு கார். "எடுத்துப் போடுங்க, நட்டம் வராது" என்பதுதான் அந்த நாலஞ்சு வருசமும் எல்லாரும் சொன்னது. ஆக, அந்த 12 லட்சத்தில ஒரு பங்குதான் காருக்கு. மிச்சம் மூடின கதவுக்கு.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அகர்லொஃப் 1970ல பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001ல நோபல் பரிசு பெற்றவர். அவர் சொன்னது இதுதான்: காரின் குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குறவருக்குத் தெரியாது. அதனால வாங்குறவர் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல காரை யாரும் கொடுக்க மாட்டாங்க. சந்தையில மிஞ்சுறது குறையுள்ள கார். எங்கட நிலைமையில இது இன்னும் மோசம் என்று நாங்க நினைக்கிறோம். திரும்ப ஒண்டு எடுக்க ஏலாத காலத்தில நல்ல காரை வைத்திருக்கிறவர் அதைக் கைவிடுவாரா? கை மாறுறதில பெரும்பங்கு, வைத்திருந்தவருக்கே அலுத்துப் போன கார்.

இதுக்குச் சட்டம் என்ன சொல்லுது? இஸ்லாமிய வணிகச் சட்டத்தில 'கியாருல் ஐப்' என்று ஒரு உரிமை உண்டு. மறைத்து வைத்த குறை வெளிப்பட்டா பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். குறையைச் சொல்ல வேண்டியது விற்கிறவரின் கடமை. எங்கட நாட்டில நடைமுறையில இருக்கிற பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ம் வருசத்தையது, ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து எழுதினது. அதில விலக்குகள் இருந்தாலும், அடிப்படை வாங்குறவர்தான் பார்த்து வாங்கணும் என்பது. ஊரில நாங்க முதலாவதைப் பேசி ரெண்டாவதின்படி வியாபாரம் செய்றோம். சூடான பொனட் அதுக்கு சாட்சி.

ஏன் பொனட் சூடா இருந்தது என்று கராஜில வைத்து பாஸ் விளக்கினார். தேய்ந்த எஞ்சின் காலையில குளிரா இருக்கக்குள்ள பிடிக்க மறுக்கும், முதல் புகையை நிறையத் தள்ளும். அதை மறைக்க ஆள் வர முதல் ஒருக்கா ஓட்டி வைப்பாங்க. நீலப் புகை என்றா ஒயில் எரியுது. வெள்ளைப் புகை நிக்காம வந்தா தண்ணி உள்ள போகுது. கறுப்பு என்றா பெற்றோல் கூட. ஒயில் மூடியைத் திறந்து பார்த்து உள்ள பால் கலர் இருந்தா ஒயிலும் தண்ணியும் கலந்திருக்கு. "எஞ்சினைச் செய்யலாம் மகன். அடியில சேஸி உக்கியிருந்தா அதைத் தொடாதீங்க. கடற்கரைப் பக்கம் ஓடின காரையும் வெள்ளத்தில நிண்ட காரையும் குனிஞ்சு பாருங்க. புக்கில இரிக்கிற சேஸி நம்பரும் காரில இரிக்கிற நம்பரும் ஒண்டா எண்டு பாருங்க. பேர் மாத்தாம ஓப்பன் பேப்பரில எடுக்காதீங்க." எஞ்சின் வேலைக்கு அவர் சொன்ன மதிப்பு ரெண்டரை லட்சம்.

கணக்கு

வேன் ஹயர் ஒரு தடவைக்கு 12,000. வருசத்துக்கு 1,44,000. காருக்கும் எஞ்சின் வேலைக்கும் சேர்த்து 14,50,000. இன்சூரன்ஸ், டயர், பெற்றோல் ஒண்டையும் சேர்க்காமலே பத்து வருச ஹயர் காசு. இரவில அவசரம் என்றா 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இருக்கு, அதுக்குக் காசில்ல. காரை விக்கலாம்தானே என்று ஒருவர் கேட்டார். விக்கலாம். ஆனா கதவு மூடியே இருக்கும் என்று நம்பித்தான் அந்த விலை. கதவு திறக்கப்போகுது என்ற பேச்சு அப்பவே இருந்தது.

2025 பெப்ரவரி 1ம் திகதி தனியார் வாகன இறக்குமதி மறுபடி தொடங்கியது. வரி மிச்சம் கூட, புதுக் கார் எங்கட கைக்கு எட்டாது. அதனால பழைய மாருதியின் விலை ஒரே இரவில விழும் என்று நாங்க சொல்ல மாட்டோம். ஆனா நட்டமே வராது என்று சொன்னவங்களின் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கு.

கார் எடுக்கல்ல. கணக்கை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினோம். பத்து வருசம் என்றதும் சிரித்தார். "பத்து வருசமா? அது அல்லாஹ்ட கையில இரிக்கி. ஹயர்லயே போவம்" என்றார். உம்மாவின் சீட்டுக் காசு இன்னும் அப்படியே இருக்கு.

ஒண்டு மட்டும் மிச்சம். கதவு மூடின ஒவ்வொரு தடவையும் நாட்டை ஓடவைத்தது கராஜ்களில வேலை செய்த கைகள். அவங்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கல்ல. உங்கட ஊரில, கல்முனையிலயோ அக்கரைப்பற்றிலயோ மருதமுனையிலயோ, எழுபதுகளில எஞ்சின் வேலை செய்த பாஸ் யாராவது இருந்தா போய்ப் பேசுங்க. பிஸ்டன் இல்லாத காலத்தில எதை வைத்துச் சமாளிச்சாங்க என்று கேட்டு எழுதி அனுப்புங்க. நாங்க போடுறோம்.