முன்றிலில் அணிலும் குரீஇயும்

மக்கள் உறையும் மனைக்குக் குருவியையும், மக்கள் நீங்கிய மனைக்கு அணிலையும் அடையாளமாகக் காட்டும் பாடல்கள் சங்க இலக்கியத்தில் உள்ளன. இரண்டும் முன்றிலில் தோன்றுவன. எனினும் விலங்கினத்திற்கு ஒரு நூல், புள்ளினத்திற்கு ஒரு நூல் எனப் பி.எல்.சாமி வகுத்துக்கொண்ட முறையிலேயே நாமும் பயின்றுவருவதால் இவற்றை ஒருசேர நோக்கத் தவறுகிறோம்.

குறுந்தொகை 41ஆம் பாடலில், தலைவன் உடனிருப்பின் விழாக்கொண்ட ஊர்போல் மகிழ்வதாகவும், பிரியின் சுரத்துச் சிற்றூரில் மக்கள் விட்டகன்ற வீட்டின் முன்றிலில் அணில் ஆடுவதுபோலப் பொலிவிழப்பதாகவும் தலைவி கூறுகிறாள். அணிலாடு முன்றிலார் என்னும் புலவர்பெயர் இவ்வுவமையாற் பெற்றதே. 46ஆம் பாடலில் மாமலாடன் காட்டும் முன்றில் வேறு. அங்கே தானியம் காய்கிறது. குருவி அதனை உண்டு, மன்றத்து எருப்பொடியில் குடைந்தாடி, இறவாரத்தில் குஞ்சுகளோடு தங்குகிறது. நற்றிணை 181ஆம் பாடல் சேவலின் தொண்டைக் கருமையைச் சுட்டுவதால் மனையில் வாழும் இக்குரீஇ சிட்டுக்குருவியே எனலாம். (குரீஇ என்னும் சொல்லை மட்டும் கொண்டு இவ்வாறு துணிதல் கூடாது, குறுந்தொகை 374இல் பனையில் கூடு கட்டுவது தூக்கணங்குருவி.)

வேறுபாட்டிற்குக் காரணம் காயும் தானியமே. மனிதர் போனால் தானியம் போகும். தானியம் போனால் குருவியும் போகும். அணிலுக்கு மரம் போதும். ஆகவே அணில் காட்டுயிர் என்பதால் அன்று, விரட்ட ஆளில்லை என்பதாலேயே வெறுமைக்குக் குறியாயிற்று என்று கொள்வது பொருந்தும்.

தொல்காப்பிய மரபியல் அணிலை மூவரி உடையதாகக் கூறுகிறது. தென்னாட்டு அணிலுக்கு முதுகில் மூன்று வரி. வடநாட்டில் பரவலாக உள்ள இனத்திற்கு ஐந்து. நூற்பாவில் இராமன் விரல் தடவிய கதை இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலை அணில் கடலடைக்க முயன்றதைச் சொல்கிறது. வரியைப் பற்றிப் பேசவில்லை.

பெங்களூரில் இப்பாடல்களைப் பாடஞ்சொல்லும்போது உவமை தலைகீழாகிறது. கன்னடத்தில் அணில் 'அளிலு', உறவு வெளிப்படை. குருவியோ 'குப்பி'. ஆள் நிறைந்த குடியிருப்பின் மதில்மேல் அளிலு ஓடுகிறது; குப்பியைக் காண்பது அரிது. நாடளவில் சிட்டுக்குருவி பெரிதும் நிலையாக இருப்பினும் பெங்களூரு உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்துவருவதாக 2020இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை கூறியது. இறவாரமும் இல்லை, முன்றிலில் காயும் தானியமும் இல்லை. 1937இல் உ.வே.சா. குறுந்தொகையைப் பதிப்பித்த காலத்தில் அணிலாடும் முன்றில் ஏன் வெறுமையானது என்று எவரும் கேட்டிருக்கமாட்டார். இன்று வகுப்பில் மாணவர் கேட்கும் முதல் வினா அதுவே.