கேனரிக் கூண்டும் சிவப்புச் செள்ளும்

பிஞ்ச் வகைப் பறவைகளைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாகவே சொல்லிப் பழகிவிட்டோம்: முதலில் புகையிலை, பிறகு பூச்சிப்பொடி, கடைசியில் ஐவர்மெக்டின். பறவையை ஒட்டுண்ணிக்கு இரையாக்கியதே பெரும்பாலும் கூண்டுதான் என்பதை இந்த வரிசை மறைத்துவிடுகிறது. பிஞ்ச் குடும்பத்தைச் சேர்ந்த கேனரி, கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகிய பறவை. அதன் கதையைப் பார்த்தால் இது தெளிவாகும்.

கேனரித் தீவுகள் 15ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வசமான பிறகு, இந்தக் குருவி ஐரோப்பிய வீடுகளுக்குள் நுழைந்தது. ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில், சாங்க்ட் ஆந்திரியாஸ்பெர்க் என்ற வெள்ளிச் சுரங்க ஊரில், கேனரி வளர்ப்பு சுரங்கக் குடும்பங்களின் துணைத் தொழிலாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் அல்ஃபெல்ட் நகர வணிகர்கள் ஜெர்மானியக் கேனரிகளை நியூயார்க் வரை அனுப்பினார்கள். விலை நிறத்துக்கல்ல, குரலுக்கு. அலகை மூடியபடி அடித்தொண்டையில் உருட்டிப் பாடும் 'ஹார்ஸ் ரோலர்' உருவாக, இளஞ்சேவல்களைச் சிறு மரக்கூண்டுகளில் தனித்தனியே அடைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, தேர்ந்த பாடகப் பறவையின் குரலைக் கேட்க வைத்தார்கள். மரம், கதகதப்பு, நெருக்கம், இருட்டு: பாட்டுக்காக அமைத்த இந்த நான்குமே சிவப்புச் செள்ளுக்கு வேண்டியவை. கோழிக்கூட்டில் காண்கிற அதே உயிர்தான் இது. 1778இல் ஸ்வீடனின் கார்ல் டி யேர் இதற்கு அறிவியல் பெயரிட்டு விவரித்தார். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே நீளமுள்ள இந்தச் செள்ளு பறவையின் உடலில் குடியிருப்பதில்லை. பகலில் மர இடுக்குகளில் கிடந்து, இருட்டியதும் வந்து இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பும். வெப்பமான நாட்களில் ஒரே வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். 20 கிராம் எடையுள்ள கேனரியின் உடலில் ஓடும் இரத்தமே ஏறத்தாழ 2 மில்லிலிட்டர்தான். அப்படியிருக்க, இறகு முளைக்காத குஞ்சு ஒரு சில இரவுகளில் வெளிறிச் சாவதில் வியப்பில்லை. காட்டிலும் செள்ளு உண்டு. ஆனால் குஞ்சுகள் பறந்ததும் கூடு வெறுமையாகிவிடும், இரை போய்விடும். கூண்டில் மட்டுமே இரை ஆண்டு முழுதும் அதே கம்பில் உட்கார்ந்திருக்கிறது.

பழைய வளர்ப்பாளர்களின் கைமுறைகள் இதை நன்றாகவே உணர்ந்திருந்தன. உட்காரும் கம்புக்குப் பதிலாக உள்ளே துளையுள்ள நாணல் தண்டை வைப்பார்கள். இரவில் குடித்த செள்ளு விடியும்முன் அதற்குள் பதுங்கும். காலையில் தண்டை எடுத்துத் தட்டிக் கொட்டுவார்கள். இரவில் கூண்டின்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, விடிந்ததும் எடுத்துக் கொதிநீரில் போடுவதும் உண்டு. இவையெல்லாம் அறியாமையில் செய்த குருட்டுவைத்தியம் என்று ஒருவர் சொல்லலாம். அழுக்கிலிருந்தே பூச்சி தானாகப் பிறக்கிறது என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது உண்மைதான். ஆனால் நாணலும் துணியும் அந்த நம்பிக்கையிலிருந்து வந்திருக்க முடியாது. செள்ளு எப்போது வருகிறது, எங்கே ஒளிகிறது என்று இரவும் விடியலும் பார்த்தவர்களுக்கே இவை தோன்றும். கோட்பாடு தவறாக இருந்தபோதும் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. அந்தப் பெயர் தெரியாத வளர்ப்பாளர்களுக்கு அறிவியல் வரலாற்றில் ஓர் இடம் உண்டென்றே கருதுகிறேன். பறவைக்கு வெளியே தேடும் இதே பார்வை வேறொரு வழியில் பெரும் பயன் தந்தது. 1898இல் கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்த ரொனால்ட் ராஸ், அதைக் கொசு பரப்புகிறது என்று நிறுவினார். திறந்தவெளியில் கேனரி வளர்ப்பவருக்கு அதன்பின் மருந்தைவிடக் கொசுவலை முக்கியமாயிற்று.

கூண்டே காரணம் என்பதற்கான எதிர்வாதங்களில் வலுவானது காற்றுப்பைச் செள்ளு. 1948இல் லாரன்ஸ் என்ற ஆய்வாளர் இதற்குப் பெயரிட்டார். கேனரி, கோல்டியன் பிஞ்ச் ஆகியவற்றின் மூச்சுக்குழாயிலும் காற்றுப்பைகளிலும் இது வாழ்கிறது. குரல் கம்மும், மூச்சில் 'டிக் டிக்' என்ற ஒலி எழும். எத்தனை முறை கூண்டைக் கழுவினாலும் இதைத் தொட முடியாது. இதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஜப்பானிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து ஒமுராவும் கேம்ப்பெல்லும் வழிகண்ட ஐவர்மெக்டின் 1981இல் சந்தைக்கு வந்தது. 2015இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவர் அளந்து தோலில் இடும் ஒரு சொட்டு, முன்பென்றால் பாட்டையும் பின் உயிரையும் இழந்திருக்கும் பறவையை மீட்கிறது. ஆனால் பெற்றோர் குஞ்சுக்கு இரை கக்கி ஊட்டும்போதே இந்தச் செள்ளு தொற்றுகிறது. ஆகவே புதிதாக வந்த பறவையைப் பிரித்து வைக்காமல் நேரே இனப்பெருக்கக் கூண்டில் விட்டால், நோய் அடுத்த தலைமுறைக்குப் போய்விடும்.

சிவப்புச் செள்ளிடமோ அந்தச் சொட்டின் வலிமை பாதிதான். இரத்தம் குடிக்க வந்தவை சாகலாம். மர இடுக்கில் கிடக்கும் முட்டைகளை மருந்து எட்டாது. இரையே இல்லாமலும் இந்தச் செள்ளு பல மாதம் தாக்குப்பிடிக்கும் என்பதால், சில வாரம் வெறுமையாகக் கிடந்த கூண்டும் சுத்தமான கூண்டல்ல. முன்பு கைகொடுத்த செயற்கைப் பைரித்திராய்டுகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்ற செள்ளுகள் இன்று பல நாட்டுக் கோழிப்பண்ணைகளில் பெருகியுள்ளன. கம்பிக்கூண்டு வந்து இடுக்குகளைக் குறைத்தது. முட்டையிடும் பெட்டி மட்டும் பெரும்பாலும் மரமாகவே நீடிக்கிறது. பறவைக்குச் சொட்டு இடும் அதே நாளில் பெட்டியைக் கழற்றி, அதன் மூலைகளில் கொதிநீர் ஊற்றுவதும் சிகிச்சையின் பகுதியே.