கடைக்காரர் தந்த நாட்காட்டி

வணிகர் தம் கடைக்கு வருவோர்க்கு விலையின்றி ஒரு பொருளை வழங்குவது புதுவழக்கன்று. அளந்ததற்கு மேல் ஒரு பிடி சேர்த்துப் போடும் கொசுறு நம் அங்காடிகளின் பழைய பண்பாகும். ஆயின், கொசுறு அன்றைய உலையிலேயே வெந்து மறைந்துவிடும். ஓராண்டு முழுதும் சுவரில் நின்று, கொடுத்தவர் பெயரை நாள்தோறும் நினைவூட்டுவது கடைக்காரர் தரும் நாட்காட்டியே. அதன் வரலாற்றை அறிவது சிறுகடை நடத்தும் நம்மவர்க்குப் பயன்படும் எனக் கருதி, இக்கட்டுரையை வரையலானோம்.

கிளிமானூரிற் பிறந்த இராஜா ரவிவர்மா (1848–1906), 1894-ஆம் ஆண்டில் பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். அரண்மனைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் மட்டுமே காணக் கிடைத்த ஓவியத் திருமகளும் கலைமகளும் வண்ணத்தாள்களாகி எளியோர் இல்லம் புகுந்தனர். இத்தகைய படங்களின் அடியில் தம் பெயரை அச்சிட்டு, நாட்களின் பட்டியலையும் சேர்த்து வழங்க வணிகர் தலைப்பட்டனர். வழிபடும் படத்தை எவரும் எளிதில் எறிந்துவிடார் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இத்தொழில் தமிழகத்தில் வேரூன்றியது சிவகாசியில். அவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். மறு ஆண்டில் ஊர் திரும்பித் தொழிற்சாலை தொடங்கினர். தீப்பெட்டிக்கு வண்ணச்சீட்டு வேண்டும்; சீட்டுக்கு அச்சகம் வேண்டும். அச்சகங்கள் பெருகவே நாட்காட்டித் தொழிலும் வளர்ந்தது. நாடகத் திரைச்சீலைகள் தீட்டி, பின்னர்க் கோவில்பட்டியில் தங்கிவிட்ட ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணவரும் வரைந்த தெய்வப் படங்கள் இந்நாட்காட்டிகளை அணிசெய்தன.

ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று மறு ஆண்டுக்கான மாதிரித் தொகுப்பைச் சிவகாசியில் வெளியிடுவது இன்றும் மரபு. தொழில்துறையினர் இதனை 'ஆல்பம்' என்பர். அதனைப் புரட்டிப் படத்தையும் அளவையும் தெரிந்து முன்பணம் கொடுத்தால், கடையின் பெயரை அச்சிட்டு அனுப்புவர். மார்கழி வரை காத்திருப்பவர்க்குப் பிறர் கழித்தவையே எஞ்சும்.

இனி, நம் மட்டாஞ்சேரியை நோக்குவோம். 1568-இல் எழுந்த யூதர் ஆலயத்தைச் சூழ்ந்த இவ்வூரில் மிளகும் சுக்கும் ஏலமும் விற்கப் பலமொழியினர் வந்து கூடினர். குஜராத்தியர்க்குத் தீபாவளியை அடுத்துப் புத்தாண்டு; மலையாளிகளுக்குச் சிங்கமாதப் பிறப்பில் கொல்லம் ஆண்டு; நமக்கோ சித்திரை முதல் நாள். ஆகவே ஒரே தெருவில் வெவ்வேறு நாட்காட்டிகள் தொங்குகின்றன.

இவ்வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று. சூரியன் ஓர் இராசியினின்று மற்றோர் இராசிக்கு மாறுவது சங்கராந்தி. அஃது அந்திக்கு முன் நிகழின் அன்றே மாதம் பிறந்ததாகத் தமிழர் கொள்வர். கேரள மரபில், பகலின் 30 நாழிகையுள் முதல் 18 நாழிகைக்குள் நிகழ்ந்தாலன்றி, மாதம் மறுநாளே பிறக்கும். 2023-இல் சங்கராந்தி ஏப்ரல் 14 பிற்பகலில் நிகழ்ந்தது. நம் புத்தாண்டு அன்றே வந்தது, விஷுவோ 15-ஆம் நாள் வந்தது. மாதப் பிறப்புத் தர்ப்பணம் செய்பவர்க்கு இவ்வொருநாள் சிறிதன்று. எனவே நம் குடும்பங்களுக்கு வழங்கும் நாட்காட்டியில் தமிழ்த்தேதியும் இராகுகாலமும் வேண்டும். கேரளத்துப் பள்ளி, அலுவலக விடுமுறைகளும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அத்தாள் சுவரில் தங்காது. மேலும், பள்ளியில் தமிழ் பயிலாத நம் சிறார் நாள்தோறும் தாளைக் கிழிக்கையில் கிழமையையும் திங்களையும் தமிழெழுத்திற் காண்கின்றனர். இதனினும் பெரிய கொடை யாது?

நாட்காட்டிக்கு உடன்பிறப்பாகச் சொல்லத்தக்கது துணிக்கடைகள் வழங்கிய மஞ்சட்பை. நெகிழிப்பையின் வரவால் மதிப்பிழந்த அதனைக் காலமே மீட்டது. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாளிலும், கேரளத்தில் 2020 சனவரி முதல் நாளிலும் தடை வந்தது. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிற்று.

இவ்வரலாறு சிறுவணிகர்க்கு உணர்த்துவது தெளிவு. கொடுப்பவர் விருப்பத்தைவிடப் பெறுபவர் தேவையே முதன்மையானது. மெல்லிய தாளில் ஆயிரம் அச்சிடுவதினும் உறுதியான அட்டையில் முந்நூறு அச்சிடுதல் நன்று. பையாயின் கைப்பிடித் தையலை இழுத்துப் பார்த்தே வாங்குக. ஐந்து கிலோ அரிசி தாங்காத பை, தன்மேல் அச்சிட்ட கடைப்பெயரையும் தெருவிற் கொட்டிவிடும். ஆண்டு முழுதும் மக்கள் கையிலும் கண்ணிலும் நிற்கும் பொருள், கடைக்காரரின் நாணயத்துக்குச் சான்றாகும். வரும் ஆடிப்பெருக்குக்குள் நம் சங்கத்து வணிக அன்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.