தோண்ட முடிந்த மண்ணும் தோண்ட முடியாத மண்ணும்

2023 டிசம்பர் 7 அன்று எபிக் கேம்ஸ் நிறுவனம் லெகோ ஃபோர்ட்நைட் விளையாட்டை வெளியிட்டது. மிக்ஜாம் புயல் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரித் தெருக்களில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. பல இடங்களில் கரண்ட் வரவில்லை, பால் பாக்கெட்டுக்கு அலைச்சல். உலகெங்கும் பிள்ளைகள் ஆளில்லாத புல்வெளியில் கண்விழித்து, மரம் வெட்டி, குடிசை போட்டு, இரவைக் கடத்தும் ஆட்டத்தைத் தொடங்கிய அதே வாரத்தில், தென்சென்னைப் புறநகரில் எத்தனையோ வீடுகள் மாடியில் குடியிருந்தன.

தேதி பொருந்தியது தற்செயல்தான். ஆனால் இந்த வகை ஆட்டங்களுக்கு 'சர்வைவல்' என்று பெயர். உயிர் பிழைத்துக் கிடப்பதே ஆட்டம். எதிலிருந்து பிழைப்பது என்ற கேள்வியை அந்தப் புறநகரின் தாம்பரத்திலிருந்து கேட்டால் விடை வேறு மாதிரி வருகிறது. அதனால்தான் கட்டைகளால் ஆன இரண்டு திறந்த உலகங்களை, மைன்கிராஃப்டையும் லெகோ ஃபோர்ட்நைட்டையும், இந்த ஊரின் மண்ணையும் தண்ணீரையும் அளவுகோலாக வைத்துப் பார்க்கத் தோன்றியது. எது அழகு, எதில் சண்டை விறுவிறுப்பு என்பதை ஆடுகிற பிள்ளைகளே நன்றாகச் சொல்வார்கள்.

வயதில் மூத்தது மைன்கிராஃப்ட். சுவீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் 2009 மே மாதம் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். முழுப் பதிப்பு 2011 நவம்பரில் வந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் அதை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 அக்டோபருக்குள் 30 கோடிப் பிரதிகள் விற்றிருந்தன. லெகோவோ 1932இல் டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஒரு தச்சர் தொடங்கிய நிறுவனம். இன்று நாம் அறிந்த கட்டைக்கு 1958 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. கட்டையை உலகுக்குக் கொடுத்தவர்கள் கட்டை உலகத்தைத் திரையில் கொண்டுவருவதில் பின்தங்கினார்கள். 2012இல் மைன்கிராஃப்டைப் பார்த்து லெகோ பெட்டி போட வேண்டிய நிலை வந்தது. 2017இல் டிடி கேம்ஸ் செய்த லெகோ வேர்ல்ட்ஸ் வந்தும் மைன்கிராஃப்டின் இடத்தை அசைக்க முடியவில்லை. 2022இல் லெகோவை உரிமையாகக் கொண்ட குடும்பத்தின் நிறுவனமான கிர்க்பி, எபிக் கேம்ஸில் 100 கோடி டாலர் முதலிட்டது. அதன் விளைச்சல்தான் லெகோ ஃபோர்ட்நைட். வெளியான சில நாட்களிலேயே ஒரே நேரத்தில் 24 லட்சம் பேர்வரை அதற்குள் இருந்தார்கள்.

வரலாறு இவ்வளவு போதும். இனி மண்ணுக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டும் பிரிகிற இடம் அதுதான்.

மைன்கிராஃப்டில் தரையே கட்டை. மண், மணல், கருங்கல், நிலக்கரி எல்லாமே ஒரு மீட்டர் கனசதுரங்கள். எதையும் பெயர்க்கலாம், பெயர்த்ததை வேறிடத்தில் வைக்கலாம். 2021 நவம்பர் இறுதியில் வந்த 1.18 பதிப்புக்குப் பின் அடிப்பாறையிலிருந்து வானத்தின் எல்லைவரை 384 கட்டை உயரம். ஒரு மலையைக் கரைத்து ஒரு பள்ளத்தை மேடாக்குவது பொறுமை இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் சாத்தியம். வெட்டிய மரத்தின் மேல்பாதி அந்தரத்தில் தொங்கும் என்பது போன்ற விநோதங்கள் உண்டு. ஆனாலும் அங்கே நிலம் என்பது கைவைக்கக் கூடிய பொருள்.

லெகோ ஃபோர்ட்நைட்டில் மரம் கட்டை, பாறை கட்டை, வீடு கட்டை, ஆடுமாடும் கட்டை. தரை மட்டும் கட்டையில்லை. அன்ரியல் என்ஜின் வரைந்த வழுவழுப்பான நிலப்பரப்பு அது. குந்தாலியால் எவ்வளவு ஓங்கினாலும் மண் அசையாது, குகைகள்கூட ஏற்கெனவே குடைந்து வைக்கப்பட்டவை. எபிக்கின் மூல ஆட்டமான ஃபோர்ட்நைட்டின் போர்த்தீவைப்போல் 19 மடங்கு பெரிய உலகம் என்று எபிக் அறிவித்தது. அத்தனை பரப்பிலும் மேலே கட்டலாம், கீழே தொட முடியாது. வீடு கட்டுவதற்கோ படிப்படியான வரைபடம் கிடைக்கிறது. லெகோ பெட்டிக்குள் வரும் கையேடு மாதிரியே, இந்தச் சுவர், அடுத்து இந்தக் கூரை என்று அது கூட்டிப்போகிறது. அரைமணியில் கண்ணுக்கு நிறைவான வீடு எழுந்துவிடும். மைன்கிராஃப்டில் அதே நேரத்தில் ஒரு பிள்ளை கட்டுவது பெரும்பாலும் ஜன்னலில்லாத மண்பெட்டி. பார்வைக்கு லெகோ வெல்கிறது, தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் தாம்பரம் வட்டாரத்தின் கதை தரையைத் தொட்ட கதை. ஏரி உள்வாயில் லேஅவுட் போட்டது, வாய்க்காலைக் குறுக்கியது, கலங்கலுக்குக் கீழே மண் கொட்டி மேடாக்கியது என இந்த ஊரின் துயரம் முழுக்க நிலத்தை வெட்டியும் நிரப்பியும் வந்தது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணிநேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அன்றைய வெள்ளத்துக்கு எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சொல்வார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றோட்டத்தில் அதற்கு மேலே இருக்கின்றன. அந்தத் தெருக்களை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் மறுகால் தண்ணீர். அது போகவேண்டிய வழியில் வீடுகள் இருந்தன. எந்த மேட்டிலிருந்து எந்தப் பள்ளத்துக்குத் தண்ணீர் இறங்கும் என்ற அறிவு அந்த இரவில் உயிரோடு சம்பந்தப்பட்டிருந்தது. தரையைத் தொடவிடாத விளையாட்டு அந்த அறிவின் பக்கமே ஒரு பிள்ளையைக் கொண்டுபோவதில்லை. மைன்கிராஃப்டில் வாய்க்கால் வெட்டும் பிள்ளை, கட்டை ஒன்று கூடுதலாகப் பெயர்ந்ததும் தண்ணீர் தன் வீட்டுக்குள் வருவதைப் பார்க்கிறது.

அந்தத் தண்ணீரும் முழுக்க நிஜமில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மைன்கிராஃப்டில் ஒரு வாளி ஊற்றினால் சமதளத்தில் ஏழு கட்டை தூரம் ஓடி நின்றுவிடும். அருகருகே இரண்டு ஊற்றுக்கட்டைகள் சேர்ந்தால் புதிதாக ஒன்று பிறக்கும். அதனால் இரண்டு வாளி நீரில் வற்றாத கிணறு அமைத்துவிடலாம். மழை பெய்தாலோ ஏரி ஓர் அங்குலம்கூட உயராது. வெளியே வைத்த கொப்பரை மட்டும் மெல்ல நிறையும். நாள் முழுக்கக் கொட்டினாலும் ஆற்றங்கரை வீட்டில் கவலையில்லாமல் படுக்கலாம். பள்ளத்தை நோக்கி இறங்கும் குணத்தை மட்டும் அது சரியாகப் பிடித்திருக்கிறது. பெருகும் குணமும் வற்றும் குணமும் அதற்கு இல்லை.

லெகோ ஃபோர்ட்நைட்டில் தண்ணீர் நீந்துவதற்கும் அழகுக்கும் இருக்கிறது. அதைத் திருப்பவோ தேக்கவோ வழியில்லை. அங்கே உயிரைச் சோதிப்பவை பசி, எலும்புக்கூடுகள், பிறகு தட்பவெப்பம். வறண்ட பள்ளத்தாக்கில் வெயில் தாக்கும், பனிப்பிரதேசத்தில் குளிர் தாக்கும், அதற்கேற்பத் தின்றும் உடுத்தியும் சமாளிக்க வேண்டும். வெயிலை ஓர் ஆபத்தாக எண்ணியதற்காக எனக்கு அந்த ஆட்டத்தின்மேல் மரியாதை உண்டு. மைன்கிராஃப்டின் பாலைவனத்தில் நாள் முழுக்கச் சட்டையில்லாமல் நடந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. 2024 டிசம்பரில் லெகோ ஃபோர்ட்நைட், ஒடிஸி என்ற பின்னொட்டைப் பெற்றபோது புயலும் உள்ளே வந்தது. எப்படி வந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. புயல் அரசன் என்ற எதிரியாக வந்தது. அடித்து வீழ்த்தலாம், வீழ்த்தினால் வெகுமதி. புயலைக் கொல்ல முடியும் என்ற கற்பனை வேறெங்கோ இனிக்கலாம். ஒவ்வொரு ஐப்பசியிலும் வானிலை அறிவிப்பைக் கேட்டு பைக்கை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துகிற ஊரில் அது வெறும் சத்தமாகவே கேட்கிறது.

இரண்டிலும் தாகம் என்ற ஒன்றே கிடையாது. பசிக் குறியீடு இரண்டிலும் உண்டு, மைன்கிராஃப்டில் பத்து இறைச்சித்துண்டுகள் ஒவ்வொன்றாகக் கரையும். தண்ணீர் குடிக்காமல் எத்தனை நாள் வேண்டுமானாலும் வாழலாம். ஸ்டாக்ஹோமில் பிறந்த ஆட்டத்துக்கும் அமெரிக்காவில் செய்த ஆட்டத்துக்கும் அது நினைவுக்கு வராதது இயல்பு. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு பெரிய ஏரிகளும் வறண்டபோது, தென் புறநகரில் லாரிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள்தான் முதலில் குடத்தோடு ஓடினார்கள். அவர்களிடம் உயிர் பிழைக்கும் ஆட்டம் ஒன்றை வடிவமைக்கச் சொல்லியிருந்தால், திரையின் மூலையில் இதயத்துக்குப் பக்கத்தில் முதலில் ஒரு குடத்தை வரைந்திருப்பார்கள்.

அக்கம்பக்கம் என்று வந்தால் தராசு லெகோ பக்கம் சாய்கிறது. அங்கே ஊர்ச் சதுக்கம் ஒன்றை நட்டு ஆட்டத்தைத் தொடங்கினால் ஒவ்வொருவராக ஆட்கள் குடிவருகிறார்கள். படுக்கையும் கூரையும் கொடுத்தால் தங்கிவிடுகிறார்கள். விறகு சேர்க்கவும் பயிர் பார்க்கவும் அவர்களிடம் பொறுப்பு ஒப்படைக்கலாம். ஊர் வளர வளரத்தான் ஆட்டமும் வளர்கிறது. நண்பர்களுக்கு உலகின் சாவியைக் கொடுத்துவைத்தால், உலகை உருவாக்கியவர் இல்லாத நேரத்திலும் அவர்கள் வந்து கட்டலாம். மைன்கிராஃப்டின் கிராமவாசிகள் அதற்கு மாறாக வெறும் வியாபாரிகள். பச்சைக்கல்லுக்குப் பண்டம் மாற்றுவார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் அவர்களை ஒரு கட்டை அகல அறைகளில் வரிசையாக அடைத்து, பேரத்துக்கு மட்டும் பயன்படுத்துவது பரவலான பழக்கம். பார்க்கவே சங்கடமாயிருக்கும். 2015இலும் 2023இலும் இந்த வட்டாரத்தில் உயிர்களைக் காத்ததில் பெரும்பங்கு மாடி வீட்டுக்காரர் கீழ்வீட்டுக்காரருக்குத் திறந்த கதவுக்கும், படகோடு வந்த மீனவர்களுக்கும் உரியது. பிழைப்பது என்றால் கூடிப் பிழைப்பது என்பதை லெகோ ஃபோர்ட்நைட் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. மைன்கிராஃப்ட் அதை ஆடுபவரின் மனசுக்கு விட்டுவிட்டது.

வசதியைப் பற்றி ஒரு வார்த்தை. லெகோ ஃபோர்ட்நைட் இலவசம். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் லெகோ பெட்டி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் கட்டைகள் கைக்கு வருகின்றன என்று மகிழலாம். ஆனால் அது ஓட நல்ல கணினியோ கேம் கன்சோலோ விலை கூடிய போனோ தேவை, இணைய இணைப்பு அறுந்தால் ஆட்டமே இல்லை. மைன்கிராஃப்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்கியபின் சாதாரண ஆண்ட்ராய்டு போனில் நெட் இல்லாமலும் ஓடும். டவர் போன டிசம்பர் இரவில், போனில் மிச்சமிருக்கும் சார்ஜில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு பிள்ளை ஆடக்கூடியது இரண்டில் ஒன்றுதான்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தபின் என் மனம் மைன்கிராஃப்டின் பக்கம் நிற்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2012இலிருந்து ஐ.நா.வின் வாழ்விட அமைப்பும் மோஜாங் நிறுவனமும் சேர்ந்து, நைரோபி போன்ற நகரங்களில் குடியிருப்பு மக்களையே உட்காரவைத்து, தங்கள் பொது இடங்கள் எப்படி இருக்கவேண்டும் என்று மைன்கிராஃப்டில் கட்டிக்காட்டச் செய்தன. 2014இல் டென்மார்க்கின் நில அளவைத் துறை அந்த நாடு முழுவதையும் ஒன்றுக்கு ஒன்று அளவில் மைன்கிராஃப்டில் எழுப்பியது. லெகோ பிறந்த நாடே தன் நிலத்தைக் காட்ட எடுத்துக்கொண்டது மைன்கிராஃப்டைத்தான்.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. அதன் எழுபது வார்டுகளின் பள்ளிகளில் இதே வேலையைச் செய்யலாம். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்கு, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் தண்ணீர் சேர்கிறது. ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து முட்டுக்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகிறது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் அந்தச் சதுப்புநிலத்தின் சுமார் 1,247 ஹெக்டேர் ஏறியது. மேற்குத் தாம்பரத்தின் தண்ணீரோ எதிர்த்திசையில் அடையாற்றுக்குப் போகிறது. ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் இரண்டு தனி உலகங்கள். இந்தச் சங்கிலியை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டையால் கட்டட்டும். கலங்கலைச் சரியான உயரத்தில் வைக்கட்டும், நடுவில் ஒரு லேஅவுட்டையும் போட்டுப் பார்க்கட்டும்.

அதற்கு ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். ஒரு மீட்டர் கட்டை இந்த நிலத்துக்கு மிகவும் முரடு. இங்கே வாசற்படியைத் தண்ணீர் தாண்டுமா தாண்டாதா என்பதை அரையடி உயரம் தீர்மானிக்கிறது. நீள அகலத்தை மீட்டரிலேயே விட்டுவிட்டு, உயரத்துக்கு மட்டும் ஒரு கட்டைக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 384 கட்டைக்குள் 38 மீட்டர் உயர வேறுபாடு அடங்கும். சிட்லபாக்கத்திலிருந்து சதுப்புநிலம்வரை இறங்க அது தாராளம். மழையில் உயராத தண்ணீரை ஆசிரியரோ ஒரு மாணவரோ வாளியால் ஒவ்வோர் அடுக்காக ஏற்றிக் காட்ட வேண்டியிருக்கும். எந்த அடுக்கில் யார் தெரு மூழ்குகிறது என்பதை வகுப்பில் அந்தத் தெருவில் குடியிருக்கும் பிள்ளையே சரிபார்த்துச் சொல்லிவிடும்.