அகராதி மேசையில் நெருக்கடி

கட்டங்களில் எழுத்துக்களை நிரப்பும் குறுக்கெழுத்துப் புதிரை ஆர்தர் வின் என்பவர் 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி ‘நியூயார்க் வோர்ல்ட்’ பத்திரிகையில் முதன்முதல் வெளியிட்டார். 1924-இல் பென்சிலொன்று இணைத்த புதிர்ப் புத்தகமும் வெளிவரவே, அமெரிக்க மக்களை அப்பித்து ஆட்டிவைத்தது.

விடை தெரியாதவர் எங்கே செல்வர்? நியூயார்க் பொதுப் புத்தகசாலைக்கே சென்றனர். அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் மொய்த்துக்கொண்டனர். அன்றாட வேலைக்கு அந்நூல்களை நாடிவந்த மாணவரும் வாசகரும் விரட்டப்பட்டனர். புத்தகசாலையார் இதனைக் கண்டித்து, உரிய வாசகரைக் காப்பது தம் கடமையென எழுதினர்.

உதவி நாடியதை நாம் குறைகூறோம். அறியாததைக் கேட்பதில் இழிவென்ன? ஆனால், சொந்தமாக நூல் வாங்க வகையற்ற ஏழைக்குப் பொதுப் புத்தகசாலையன்றோ செல்வம்! அவன் கையிலுள்ள அகராதியைத் தடுத்தா பொழுதுபோக்குவது? மனிதரிடம் கேட்பதற்கும் இதுவே முறை. அவர் ஓய்வாயிருக்கும் சமயம் பார்த்து, நாம் கண்ட எழுத்துக்களைச் சொல்லி, முதலில் குறிப்பு மட்டும் கேட்கவேண்டும். முழு விடையையும் பிடுங்குகிறவர் புதிரையே எதற்காக எடுத்தாரோ!

பால்டிமோர் - ஒஹையோ ரயில்வேயார் அந்நாளில் தம் வண்டிகளிலேயே அகராதிகளை வைத்தனர். அச்செயலை நாம் மெச்சுகிறோம். ஓடும் வண்டியில் பிரயாணி ஏடு புரட்டினால் எம்மாணவன் படிப்புக் கெடும்?