குப்பி விளக்கும் கூத்துக் களரியும்: பேராதனையில் முதல் தலைமுறை மாணவர்

பல்கலைக்கழக வரலாறுகள் பெரும்பாலும் கட்டடங்களையும் துணைவேந்தர்களையும் பற்றியனவாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. தம் குடும்பத்திலே முதன்முதலாகப் பல்கலைக்கழக வாயிலை மிதித்தவர்கள் அங்கு யாரைப் பற்றி நின்றனர், எவ்வாறு தமக்குள் ஒரு கூட்டாயினர், அவர்களிடையேயிருந்து தலைமை எவ்வாறு தோன்றிற்று என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. அறுபதுகளின் பேராதனைத் தமிழ் மாணவரை முன்வைத்து இவ்வினாக்களை நோக்குதல் பயனுடையது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அங்கு பயின்றோர் 904 பேர். ஆங்கிலக் கல்லூரிகளுக்குக் கட்டணஞ் செலுத்த வல்ல குடும்பங்களின் பிள்ளைகளே இவர்களுட் பெரும்பான்மையினர். ஐவர் ஜெனிங்ஸ் கருதிய விடுதிப் பல்கலைக்கழகம், ஆசிரியரும் மாணவரும் ஒருங்குறைந்து பழகும் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் மரபினைத் தழுவியது. வழிகாட்டல் அங்கு இருக்கவே செய்தது. ஆயின் அது ஏற்கெனவே ஒரு வர்க்கத்தின் நடையுடை பாவனைகளை அறிந்து வந்தவனை மேலும் மெருகூட்டும் வழிகாட்டலாகும். 1945இன் இலவசக் கல்வியும், கிராமங்களில் எழுந்த மத்திய கல்லூரிகளும், 1960இல் கலைப்பீடத்திற் சுயமொழிப் போதனை தொடங்கியமையும் இந்நிலையைக் குலைத்தன. கமக்காரர், மீனவர், சிறு கடைக்காரர், கிராமத்து ஆசிரியர் ஆகியோரின் பிள்ளைகள் மகாவலிக் கரைக்கு வந்தனர்.

வந்தவர்களை வரவேற்றது ஆங்கில நூல்கள் நிறைந்த நூலகம். விரிவுரை தமிழில், படிக்கவேண்டிய நூலோ ஆங்கிலத்தில். எமது பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் இளையோருக்கு இரவில் பாடஞ் சொல்லிக் கொடுப்பதைக் ‘குப்பி’ என்பர். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கிலிருந்து பிறந்த பெயரென்று கொள்வது பொருந்தும். எந்த ஒழுங்கு விதியும் ஏற்படுத்தாத, ஊதியமற்ற இவ்வழிகாட்டலின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அதே மூத்தோர் பகலிற் பகிடிவதை செய்தனர் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. தாம் பட்ட அவமானத்தை அடுத்தவன் மீது இறக்கிவைக்கும் அந்நடைமுறையை ஒற்றுமையின் பெயரால் நியாயப்படுத்துவோர் இன்றும் உளர்.

எனினும் குப்பியில் உறவு ஒருவழிப்பட்டது. தெரிந்தவர் தருவார், தெரியாதவர் பெறுவார். இவ்வுறவு தலைகீழாகிய இடம் கூத்துக் களரியாகும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை தமது பேச்சுமொழி நாடகங்களை மாணவரைக் கொண்டு மேடையேற்றி ஒரு மரபினைத் தொடக்கியிருந்தார். அவர்தம் மாணவரான சு. வித்தியானந்தன், 1956இல் சரச்சந்திரரின் ‘மனமே’ சிங்கள நாடக உலகில் ஏற்படுத்திய விழிப்பினைக் கண்டவர். தமிழ்க் கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர அவர் முனைந்தபோது, வேண்டிய அறிவு விரிவுரையாளரிடமோ நூலகத்திலோ இருக்கவில்லை. வடமோடிக்கும் தென்மோடிக்குமுள்ள வேறுபாட்டினை, தாளக்கட்டினை, வரவாட்டத்தினை அறிந்திருந்தோர் மட்டக்களப்புக் கிராமத்து மாணவரே. வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு வந்து ஆட்டம் பழக்கினார். பட்டமெதுவுமற்ற கிராமத்துக் கலைஞரிடம் பட்டதாரியாகப் போகின்றவர்கள் கற்றனர். 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’ என அரங்கேற்றங்கள் தொடர்ந்தன. இராவணனாக ஆடிய சி. மௌனகுரு வந்தாறுமூலை மத்திய கல்லூரியிலிருந்து வந்தவர்.

இங்கு நிகழ்ந்தது கலை மீட்பு மட்டுமன்று. படித்தவரால் பாமரர் கலையென ஒதுக்கப்பட்ட ஒன்றினைத் தன்னுடன் கொண்டுவந்த மாணவன், அதுகாறும் மறைக்க வேண்டியதெனக் கருதிய தன் ஊரையே தனது தகுதியாகக் காணலானான். பெறுபவனாக மட்டும் நிறுத்தப்படும்வரை எவனும் தலைவனாவதில்லை. கொடுப்பதற்குத் தன்னிடமும் ஒன்றுண்டு என்பதை அவன் அறிந்த கணத்திலேயே கூட்டும் தலைமையும் முகிழ்க்கின்றன. வித்தியானந்தனின் பெருமை கற்பித்தமையிலும் பார்க்க, தமக்குத் தெரியாததைத் தம் மாணவரிடமிருந்து பெறத் துணிந்தமையிலே தங்கியுள்ளது என்பது எமது கருத்து. இன்று பல்கலைக்கழகங்களில் வழிகாட்டி ஆசிரியர் நியமிக்கப்படுகின்றனர், படிவங்கள் நிரப்பப்படுகின்றன. அப்படிவங்களில் மாணவனின் குறைபாடுகளுக்கு இடமுண்டு; அவன் கொண்டுவந்ததற்கு இடமில்லை.

ஆயினும் இவ்வியக்கத்தை மிகைப்படுத்தலாகாது. விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, நகரப் பார்வையாளருக்கேற்பச் சுருக்கப்பட்டது. அண்ணாவியார் பழக்கினார், பழக்கியபின் ஊர் திரும்பினார். இவற்றினும் பாரதூரமானது, களரியைச் சூழ நின்ற மலைகளின் மௌனம். பேராதனையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து அப்பல்கலைக்கழகத்துக்கு வந்தோர் மிகச் சிலரே. 1948இன் குடியுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளோ ஆரம்ப வகுப்புகளுடன் நின்றன. காமன் கூத்து அவர்களிடமும் இருந்தது. அதனை மேடைக்குக் கொணரவல்ல மாணவன்தான் அன்று விடுதியில் இல்லை.

மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி, இராவணேசனை அங்குள்ள மாணவரைக் கொண்டு மீண்டும் ஆடச் செய்தார். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனம் அமைந்த இடம், செல்லையா அண்ணாவியாரின் வந்தாறுமூலை.